சொறி பிடித்த நாலு சக்கரம்

டேப்பை ஒட்டிவிட்டேன். இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆம்பூரில் எங்கள் வீட்டு வாசல். காலை வெயிலில் இன்னும் உறைப்பு ஏறவில்லை. தரையில் சாக்கு விரித்து, டயர் கழற்றிய நான்கு அலாய் வீல்களை அதன்மேல் படுக்க வைத்திருக்கிறோம். முதல் சக்கரத்தின் முகத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பு நிற டேப். அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குப் பக்கத்தில் என் கணவர் தேவராஜ், கெஞ்சுகிற முகத்தோடு. வாசற்படியில் என் நாத்தனார் கிரேஸ், மருதாணி காயாத கைகள் இரண்டையும் முன்னால் நீட்டியபடி. மறுநாள் அவளுக்குக் கல்யாணம். கேட்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை ரஹீம் பாய், டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறார். என் கார் சக்கரமே இல்லாமல் ஹாலோ பிளாக் கற்களின் மேல் நிற்கிறது. கல்யாண வீட்டுக்கு வந்து போகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பந்தலைப் பார்த்தார்கள்.

“எஸ்தரு, வேணாண்டி. நல்லா பளபளன்னுதானே இருக்குது? அத ஏன் இழுத்துப் பாக்குற?” என்றார் கணவர்.

“இழுத்துப் பாக்காம கம்பெனியில எந்தத் தோல் லாட்டையும் நான் வெளிய விட்டதில்ல.”

“இது லாட்டு இல்லடி, கல்யாணம்.”

“அப்போ இன்னும் நல்லாவே இழுக்கணும்.”

“சரி, உள்பக்கமாவது ஒட்டேன். வந்தா கூட வெளிய தெரியாது.”

நான் கிரேஸைப் பார்த்தேன். டேப் சும்மா வந்தால் அவள் என் காரில் ஏறி சர்ச்சுக்குப் போவாள். பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தால் மாப்பிள்ளை வீட்டார் அனுப்புகிற வாடகைக் காரில் போவாள். அதுதான் எங்களுக்குள் பேச்சு. சொன்னவள் அவள். ஒத்துக்கொண்டவள் நான்.

ஒரு சக்கரத்தின் பூச்சுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும்.

ஒரு நகம் செய்த வேலை

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதிவிட்டேன். அப்போது நான் மோதிய மதில் சுவர் இன்னமும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கார் செகண்ட் ஹேண்ட். சென்னையில் கடற்கரைப் பக்கம் ஒருவர் வைத்திருந்தது. இன்ஜின் தங்கம். உள்ளே சீட்டெல்லாம் சுத்தம். ஆனால் சக்கரங்கள் மட்டும் பார்க்கச் சகிக்காது.

அலாய் வீல் என்பது அலுமினியம். அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். பிளாட்பாரக் கல்லில் உரசி எங்கேயாவது ஒரு கீறல் விழுந்தால் போதும், அது வழியாகத் தண்ணீரும் உப்புக்காற்றும் உள்ளே போய்விடும். பிறகு பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடு கோடாக ஓடும். கோட்டின் மேலே பூச்சு தூக்கிக்கொள்ளும். அங்கங்கே உரிந்து தொங்கும். நான்கு சக்கரமும் அப்படித்தான் இருந்தன.

எனக்கு அது தினமும் கண்ணில் உறுத்தும். ஏனென்றால் நான் தோல் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன். தோலின்மேல் கடைசியாகப் பளபளப்புப் பூச்சை அடித்து, டேப் ஒட்டி இழுத்துச் சோதிக்கிற வேலை. பூச்சு உரிகிற தோலைக் கண்டால் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவேன். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் நானே ஏறி உட்காருகிற வண்டியின் நான்கு காலிலும் பெருக்கல் குறி போடலாம் போல இருக்கும். அடுத்த மாசம் பார்க்கலாம், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கிரேஸுக்கு இடம் வந்தது.

கிரேஸ் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். என் மாமியார் பக்கவாதம் வந்து படுத்தபோது அவளுக்குக் கல்யாண வயது. வந்த இடமெல்லாம் ‘அம்மாவை யார் பார்த்துக்குவாங்க’ என்ற ஒரே கேள்வியில் நின்றது. அம்மாவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். மாமியார் போன பிறகு வந்த இடங்கள் வயசு ஜாஸ்தி என்று சொல்லிப் போயின. நாற்பதை நெருங்கும்போது ஜோலார்பேட்டையிலிருந்து சாமுவேல் வந்தார். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை. மனைவியை இழந்தவர். அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்பதுதான். கிரேஸ் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

சாமுவேலின் அக்கா லில்லி. நல்ல மனுஷிதான். ஆனால் வாய்க்கும் மனசுக்கும் நடுவில் அவருக்குக் கதவு கிடையாது.

நிச்சயம் முடிந்து கிளம்பும்போது லில்லிக்கா என் கார் பக்கத்தில் நின்றார். குனிந்தார். சக்கரத்தில் தூக்கிக்கொண்டிருந்த பூச்சை நகத்தால் சுரண்டினார். அது ஒரு சாண் நீளத்துக்கு அப்படியே உரிந்து வந்தது.

“இன்னாம்மா, வண்டிக்குச் சொறி புடிச்சிருக்குது?” என்று சிரித்தார். “கல்யாணத்தன்னைக்குப் பொண்ணுக்கு நாங்களே ஒரு கார் அனுப்பிடுறோம். இந்த மாதிரி பழசெல்லாம் சர்ச்சு வாசல்ல நின்னா நல்லாவா இருக்கும்?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கிரேஸ் மட்டும் சிரிக்கவில்லை. பழசு என்ற வார்த்தையை அவள் வேறு பலர் வாயில், வேறு இடங்களில், தன்னைப் பற்றியே கேட்டிருக்கிறாள்.

அவர்கள் போனதும், பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “அண்ணி, அவங்க காரே வரட்டும். என்னால இன்னொரு பேச்சு வேணாம்.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருஷம் இந்த வீட்டைத் தாங்கியவள், இந்த வீட்டு வண்டியில் போய் இறங்கக் கூச்சப்படுவதா?

“நம்ம வாசல்ல ஏறி, நம்ம வண்டியிலதான் நீ சர்ச்சுல இறங்குற. நான்தான் ஓட்டுறேன்.”

“அந்தச் சக்கரத்தோடயா?”

“அதே சக்கரத்தோட. ஆனா இப்படி இருக்காது.”

கிரேஸும் தோல் ஊர்க்காரிதானே. கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். “சரி. கல்யாணத்துக்கு மொத நாள் டேப் போட்டு இழு. உரியலன்னா ஏர்றேன். உரிஞ்சா அவங்க கார்தான். அதுக்கப்புறம் நீ ஒண்ணும் பேசக்கூடாது.”

ஊறப்போடுகிற கட்சியும் தேய்க்கிற கட்சியும்

முதலில் வேலூரில் ஒரு கடையில் கேட்டோம். நான்கு சக்கரத்தையும் விட்டுவிட்டுப் போங்கள், கல்யாணம் கழித்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். புதுச் சக்கரமே போட்டுவிடலாம் என்றார் கணவர். அதற்கு நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். பூச்சு வேலை என் வேலை. என் வேலைக்கு இனியும் வெளியே ஆள் தேடிப் போவேனா?

இங்கே எங்கள் வீட்டு அரசியலைச் சொல்ல வேண்டும். தேவராஜுக்கு வேலை சுண்ணாம்புத் தொட்டியில். பச்சைத்தோல் உள்ளே வருகிற முதல் இடம். தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் முடி தானாகக் கழன்று வந்துவிடும். எனக்கு வேலை கடைசி இடத்தில். தேய்ப்பது, துடைப்பது, மெல்லிசாகப் பூச்சு அடிப்பது. ஒரே தொழில்தான். ஆனால் அவர் ஊறப்போடுகிற கட்சி, நான் தேய்க்கிற கட்சி.

இந்தக் கட்சிச் சண்டை எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் உண்டு. குழம்பு அடிப்பிடித்த சட்டியை அவர் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் வைப்பார். நான் உடனே தேங்காய் நாரை எடுப்பேன். பிள்ளைகள் படிக்கிற காலத்தில் கூட, “விடு, ஊறட்டும், தானா ஏறும்” என்பார். பெரியவனுக்கு அல்ஜீப்ரா இன்னும் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது.

ரஹீம் பாய் வந்து நான்கு சக்கரத்தையும் கழற்றி, டயரையும் பிரித்துக் கொடுத்தார். “இன்னாம்மா இது, கல்யாணத்த வெச்சிக்கினு பேஜார் புடிச்ச வேல?” என்று கேட்டார். நான் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “அப்படியா சொன்னாங்க? நம்ம ஊர் பொண்ணு. நீ பண்ணும்மா. எப்போ கூப்பிட்டாலும் வர்றேன்” என்றார்.

கடையிலிருந்து பெயிண்ட் ரிமூவர், வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு நான் மதிய ஷிஃப்டுக்குப் போனேன். அங்கேதான் தப்பு நடந்தது. தேவராஜை வீட்டில் தனியாக விட்டிருக்கக் கூடாது.

பாலாடை போல மிதந்தது

கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க நாங்கள் சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தோம். பாதியாக அறுத்த நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றும் வீட்டில் இருந்தது. எங்கள் ஊரில் அது இல்லாத வீடு எது? தேவராஜ் சுண்ணாம்பைக் கரைத்து, ஒரு சக்கரத்தை அதில் இறக்கிவிட்டார். ‘சாம்பிளுக்கு ஒண்ணு’ என்று பிறகு சொன்னார். முடியையே கழற்றுகிற சுண்ணாம்பு, இந்தப் பூச்சைக் கழற்றாதா என்பது அவர் கணக்கு.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கிரேஸையும் கூப்பிட்டார்.

டிரம்மில் பூச்சு துண்டு துண்டாகப் பாலாடை போல மிதந்தது.

“பாத்தியா? பாத்தியா? ஒரு சுரண்டல் இல்ல, ஒரு தேய்ப்பு இல்ல. நீ பேப்பர் வெச்சிக்கினு முதுகு ஒடிய தேய்ச்சிருப்ப!”

எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. நிஜமாகவே பூச்சு கழன்றுதான் இருந்தது. அவர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு சிரிப்போடு, சக்கரத்தைத் தூக்கினார்.

சக்கரம் கறுப்பாக இருந்தது. லேசாகக் கறுத்திருந்தால் பரவாயில்லை. தோசைக்கல் கறுப்பு.

சக்கரத்திலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“சாயங்காலம் புஸ்ஸு புஸ்ஸுன்னு நொரை வந்துச்சு,” என்றார் மெதுவாக. “நல்லா வேல செய்யுதுன்னு நெனச்சேன்.”

அலுமினியத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஆகாது. தோலுக்கு நல்லது செய்கிற அதே சுண்ணாம்பு அலுமினியத்தை அரித்துக் கறுக்கடித்துவிடும். சுண்ணாம்புத் தொட்டியிலேயே பாதி ஆயுசைக் கழித்தவருக்குத் தோல் தெரியும், மாடு தெரியும், ஆடு தெரியும். அந்தத் தொட்டியில் இதுவரை யாரும் கார் சக்கரம் போட்டதில்லையே, எப்படித் தெரியும்?

அன்றைக்கு நான் பேசியதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். தேவராஜின் கட்சி, அவர் தொட்டி, அவர் பரம்பரை என்று எதையும் நான் விடவில்லை. வாயில் பற்பசை நுரையோடு பேசியதால் பாதி யாருக்கும் புரிந்திருக்காது.

நடுவில் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். கிரேஸ். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். நிச்சயத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவே இல்லை. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நானும் சிரித்தேன். தேவராஜ் மட்டும் கறுப்புச் சக்கரத்தைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புளி கரைத்த கிரேஸ்

வழி சொன்னது கிரேஸ்தான்.

“அம்மாவுக்குக் கஞ்சி வெக்கற அலுமினியக் குண்டான் இருந்துச்சே, சோடா போட்டுத் தேய்ச்சா இப்படித்தான் கறுத்துப் போவும். அப்புறம் புளி போட்டுத் தேய்ப்பேன். வெள்ளையாயிடும்.”

தேவராஜ் தலையை நிமிர்த்தினார். முகத்தில் வெளிச்சம். “ஆமா! சுண்ணாம்புல போட்டா அப்புறம் புளிப்புல போட்டு எடுக்கணும். கம்பெனியில அதத்தானே பண்றோம். பாதி வேலையோட நிறுத்திட்டேன், அவ்ளோதான். மொத்தமும் தப்பு இல்ல.”

தோற்றாலும் கட்சியை விட்டுக்கொடுக்க மாட்டார்.

கல்யாணச் சாம்பாருக்கென்று வாங்கிய புளியில் ஒரு பெரிய உருண்டை போயிற்று. சக்கரத்தைச் சுற்றி உட்கார்ந்து மூன்று பேரும் தேய்த்தோம். புளித்தண்ணீர் கறுத்து ஓட ஓட, அடியில் சாம்பல் நிறமாக உலோகம் எட்டிப் பார்த்தது. பழைய வெள்ளை வரவில்லை. அரிப்பில் மேல்பரப்பு சொரசொரப்பாகிவிட்டது. ஆனால் கறுப்பு போய்விட்டது.

தெருவில் போன ஒரு அம்மா கேட்டுக்கு வெளியே நின்று, “இன்னா எஸ்தரு, காரைக் கொழம்பு வெக்கிறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இனி என் ராஜ்ஜியம்

மற்ற மூன்று சக்கரங்களுக்கும் யாரையும் கிட்டே சேர்க்கவில்லை.

கையுறை, கண்ணாடி, முகமூடி. ரிமூவரைப் பிரஷ்ஷால் கனமாக அப்பினேன். உடனே மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினேன். வெயிலில் காய்ந்துவிட்டால் அது வேலை செய்யாது. கொஞ்ச நேரத்தில் கவருக்கு அடியில் பூச்சு அப்பளம் மாதிரி பொங்கி எழுந்தது. அதைப் பார்க்கிற சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. காலாவதியான ஏடிஎம் கார்டால் வழித்தேன். உலோகத்தில் கீறல் விழாமல் வழிக்க அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. வழித்து, கழுவி, விட்டுப்போன இடத்துக்கு மறுபடி அப்பி, மறுபடி வழித்தேன்.

“இதுவும் ஊறப்போடுறதுதானே?” என்றார் தேவராஜ் தூரத்தில் நின்று.

“இதுக்கு அளவு இருக்குது.”

பிறகு வாட்டர் பேப்பர். தண்ணீர் விட்டு விட்டு, முதலில் முரடு, அப்புறம் நைஸ், அப்புறம் அதைவிட நைஸ். வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இந்தக் கட்டத்தில் கிரேஸ் தானாகவே வந்து உட்கார்ந்தாள். ஷூ தைக்கிறவள் விரல். சந்து பொந்தெல்லாம் அது போகும். நான் விட்ட இடங்களை அவள் பிடித்தாள். வேலைக்கு நடுவில் அவள் சாமுவேலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் அவருக்கு என்ன பிடிக்கும், அவருடைய முதல் மனைவியின் படத்தைச் சுவரிலிருந்து எடுக்க வேண்டாம் என்று அவளே சொன்னது, இப்படி. என்னிடம் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

சுண்ணாம்பு பட்ட சக்கரம் மட்டும் எவ்வளவு தேய்த்தும் கண்ணாடியாகவில்லை. மங்கலான வெள்ளி மாதிரி, ஒரு சாந்தமான நிறத்தில் நின்றுவிட்டது. சரி, அது பின்பக்கம், டிரைவர் பக்கத்துக்கு என்று முடிவு செய்தேன். கிரேஸ் இடப்பக்கக் கதவில்தான் இறங்குவாள். யார் கண்ணுக்கும் படாது.

கடைசியாகப் பூச்சு. கார் ஷெட்டைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினேன். தரையெல்லாம் தண்ணீர் தெளித்தேன். தூசி ஒன்று ஒட்டினாலும் மொத்தமும் வீண். சக்கரத்தைத் தின்னரால் துடைத்த பிறகு வெறும் கையால் தொட்டவர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டேன். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது. உரிதல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

முதல் பூச்சு மூச்சுக்காற்று பட்டதுபோல, பட்டும் படாமலும். தேவராஜ் சாக்குச் சந்தில் எட்டிப் பார்த்து, “ஒண்ணுமே விழல, கம்மியா அடிக்கிற” என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் பூச்சு பளபளப்புக்கு இல்லை, பிடிப்புக்கு. அது ஒட்டுகிற பதத்துக்கு வந்த பிறகு இரண்டாவது, குறுக்காக. அப்புறம் மூன்றாவது, நிறைவாக. தோலில் ஆயிரக்கணக்கில் அடித்த கை, இந்த நாலுக்குத் தடுமாறுமா?

காயவிட்டேன். காயும்வரை அந்தப் பக்கம் போகிற கோழியைக் கூட விரட்டினேன்.

சர்ரென்று ஒரு சத்தம்

அப்படித்தான் அந்தக் காலை வந்தது. டேப் என் கையில். கிரேஸ் மருதாணிக் கையோடு படியில். ரஹீம் பாய் டயர் மேல்.

“உள்பக்கத்துல...” என்று தேவராஜ் இன்னொரு தடவை ஆரம்பித்தார்.

“அண்ணா, சும்மா இரு,” என்றாள் கிரேஸ். “அண்ணி, இழு.”

இழுத்தேன். சர்ரென்று ஒரே இழுப்பு.

டேப்பைத் திருப்பி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். ஒன்றுமில்லை. ஒரு பொடி இல்லை, ஒரு செதில் இல்லை. கடையில் வாங்கியது போலவே இருந்தது. சக்கரத்தைப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது, பின்னால் வேப்பமரம் தெரிந்தது.

இரண்டாவது சக்கரம். சர். ஒன்றுமில்லை. மூன்றாவது. ஒன்றுமில்லை. சுண்ணாம்புச் சக்கரத்துக்கு வந்தபோது தேவராஜ் திரும்பி நின்றுகொண்டார். கண்ணை மூடி ஜெபம் பண்ணினார் என்று ரஹீம் பாய் பிறகு சொன்னார்.

சர்.

அதுதான் எல்லாவற்றையும்விட அழுத்தமாகப் பிடித்திருந்தது. சொரசொரப்பில் பூச்சு வேர் விட்டு நின்றது. டேப்தான் கிழிந்தது.

ரஹீம் பாய் டயர் மேலிருந்து குதித்தார். “நாலும் பாஸ்!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். தேவராஜ் திரும்பி, “நான் சொல்லல? சொரசொரப்பு எங்க சுண்ணாம்பு குடுத்தது!” என்றார். கிரேஸ் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் நைட்டியின் முதுகில் இரண்டு கை மருதாணியும் அப்படியே பதிந்துவிட்டது. அந்த நைட்டியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். கந்தலாகிவிட்டது, துடைக்கத் துணி இல்லாதபோதும் அதை எடுக்க மாட்டேன்.

அவள் கையில் மருதாணி திரும்ப வைக்க வேண்டியதாயிற்று.

பிரியாணி டெம்போ

கல்யாணக் காலை. காரின் முன்னால் வெள்ளை ரோஜா, ரிப்பன். நான் டிரைவர் சீட்டில், பட்டுப்புடவையில். பின்னால் இடப்பக்கம் கிரேஸ், வெள்ளைப் புடவையும் முக்காடுமாக. அவள் பக்கத்தில் தேவராஜ், புதுச் சட்டையின் காலரைத் தளர்த்திக்கொண்டு. வழியில் ரஹீம் பாய் கடை வாசலில் நின்று, ராஜாவுக்கு வைப்பதுபோல ஒரு சல்யூட் வைத்தார்.

சர்ச் கேட்டுக்குள் நுழைந்ததும் பிரேக்கை மிதித்தேன். பிரியாணி அண்டாக்களை ஏற்றி வந்த டெம்போ, நான் நிறுத்த நினைத்த இடத்தில் நின்றது. டிரைவர் இறங்கி எங்கேயோ போய்விட்டான். சுற்றிக்கொண்டு மறுபக்கமாகத்தான் வர முடிந்தது. கார் நின்றபோது வலப்பக்கம்தான் சர்ச் படிகளைப் பார்த்து இருந்தது. சுண்ணாம்புச் சக்கரம் இருக்கிற பக்கம்.

படியில் லில்லிக்கா, கையில் பூங்கொத்தோடு.

கிரேஸ் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். “இந்தப் பக்கமே இறங்குறேன் அண்ணி. அண்ணா, மொதல்ல நீ எறங்கு,” என்றாள்.

தேவராஜ் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டார். கிரேஸ் சீட்டில் நகர்ந்து வந்து, புடவையைச் சேர்த்துப் பிடித்து, அந்தச் சக்கரத்தை ஒட்டினாற்போலக் காலை வெளியே வைத்தாள். போட்டோக்காரர், “அப்படியே நில்லுங்க” என்றார். அந்தப் படம்தான் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருப்பது.

லில்லிக்கா பூங்கொத்தைக் கொடுத்தார். கண் கீழே போயிற்று.

“அட, வீலு புதுசு மாத்திட்டீங்களா? மத்தத விட இது ரொம்ப நல்லா இருக்குதே. வெள்ளி மாதிரி!”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கிரேஸ் முந்திக்கொண்டாள்.

“மாத்தல லில்லிக்கா. அதே வீலுதான்.”

“சும்மா சொல்லாத.”

“நிஜமாத்தான். வேணும்னா நல்லா சுரண்டிப் பாருங்க.”

குரலில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. லில்லிக்கா ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு, சொன்னேனே, அவருக்குக் கதவு கிடையாது, பட்டுப்புடவையை மடித்துக்கொண்டு நிஜமாகவே குனிந்தார். அதே நகம். சுரண்டினார். நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுரண்டினார். ஒன்றும் வரவில்லை.

நிமிர்ந்தார். “ஒண்ணும் வரலியே!” என்றார், சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு கிரேஸின் கையைப் பிடித்து, “வாம்மா, வா. என் தம்பி காலையிலேர்ந்து வாசலையே பாத்துக்கினு இருக்கான்” என்று கூட்டிக்கொண்டு படியேறினார்.

தேவராஜ் ஜன்னல் வழியாகக் குனிந்து என்னிடம், “எந்த வீல நல்லா இருக்குன்னு சொன்னாங்க, கேட்டியா?” என்றார். அதை அவர் இன்றுவரை நிறுத்தவில்லை.

சர்ச் வாசலில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். கிரேஸ் கடைசிப் படியில் கால் வைத்தபோது நன்றாக அழுத்தி, நீளமாக அடித்தேன்.